டிஷ்வாஷரில் தண்ணீர் வடியாமல் தேங்கி நிற்கிறது. பம்பு மாற்றத்தான் வேண்டுமா?

கழுவி முடித்த பிறகும் அடியில் இரண்டு அங்குலம் அழுக்குத் தண்ணீர், பம்பு ஓடும் சத்தம் மட்டும் கேட்கிறது, மெக்கானிக் பம்பை மாற்றச் சொல்கிறார் என்று கேட்டிருக்கிறீர்கள். கொஞ்சம் பொறுங்கள். பம்புக்குக் காசு கொடுப்பதற்கு முன்னால் ஒரு பக்கெட்டை எடுத்து வையுங்கள். எதற்கு என்று சொல்கிறேன்.

மடிப்பாக்கத்தில் எங்கள் வீட்டிலும் இதே கதைதான் நடந்தது, தீபாவளிக்கு மறுநாள். கதவைத் திறந்தால் ஊசிப்போன சாம்பார் வாடை. "நான் அப்பவே சொன்னேன்" என்று அத்தை ஆரம்பித்துவிட்டார். வந்த மெக்கானிக் கதவைத் திறந்து, மூடி, சத்தத்தை மட்டும் கேட்டுவிட்டு, "பம்பு போயிடுச்சு மேடம், பார்ட் வர ஒரு வாரம் ஆகும்" என்றார். ஒரு ஸ்க்ரூகூடக் கழற்றவில்லை. பண்டிகைப் பாத்திரங்கள் சிங்கில் மலையாகக் கிடக்க, அன்று ராத்திரி நானும் வீட்டுக்காரரும் உட்கார்ந்துவிட்டோம்.

முதலில் பிளக்கைப் பிடுங்குங்கள். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. தண்ணீர் வரும் குழாயையும் மூடுங்கள். கீழ்த் தட்டை வெளியே எடுத்துவிட்டு, தேங்கிய தண்ணீரை மக்கில் மொண்டு, மிச்சத்தை ஸ்பாஞ்சால் ஒற்றி எடுங்கள். நடுவில் இருக்கும் உருளை ஃபில்டரை இடப்பக்கமாகத் திருகினால் கையோடு வந்துவிடும். எங்கள் ஃபில்டரில் இருந்தவை: கறிவேப்பிலைக் காம்பு, கடுகு, தேங்காய்த் துருவல், பிறகு முருங்கைக்காய் நார், தலைமுடிச் சிக்கு மாதிரி சுருண்டு. மேனுவலில் 'உணவுத் துணுக்குகள்' என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறார்கள். முருங்கைக்காயை மென்று தட்டில் வைப்பவர்கள் வீட்டுக்கு அந்தச் சொல் போதாது. பழைய டூத்பிரஷால் தேய்த்துக் கழுவினோம்.

ஃபில்டருக்குக் கீழே ஒரு குழி. அதன் பக்கவாட்டில் ஒரு சின்ன மூடி இருக்கும். சில மாடலில் ஸ்பூனால் நெம்பினால் வரும், சிலவற்றில் ஸ்க்ரூ. கையுறை இல்லாமல் விரலை விடாதீர்கள். உடைந்த டம்ளர் சில்லு உள்ளே கிடக்கலாம். மூடிக்குப் பின்னால் தெரியும் குட்டி விசிறிதான் பம்பின் சக்கரம். குச்சியால் சுற்றிப் பாருங்கள். வழுக்கிக்கொண்டு சுற்றாது, விட்டுவிட்டுத் தடுக்கித்தான் சுற்றும். உள்ளே காந்தம் இருப்பதால் அப்படி. அதைப் பழுது என்று நினைத்து நாங்கள் பத்து நிமிஷம் பயந்தோம். கொஞ்சம்கூட அசையவில்லை என்றால்தான் ஏதோ சிக்கியிருக்கிறது.

எங்களுடையதில் எதுவும் சிக்கவில்லை. அங்கேதான் பக்கெட் வருகிறது.

கழற்றியதையெல்லாம் திரும்ப மாட்டி, சிங்குக்கு அடியில் வேஸ்ட் பைப்போடு சேரும் டிஷ்வாஷர் ஹோஸின் கிளிப்பைத் தளர்த்தி உருவுங்கள். அதன் முனையைப் பக்கெட்டில் விடுங்கள். பக்கெட் தரையில் வேண்டாம், சிங்க் உயரத்துக்கு ஒரு ஸ்டூல் மேல் இருக்கட்டும். தரையில் இருந்தால் பம்பு செத்திருந்தாலும் தண்ணீர் தானாகவே இறங்கி வந்து உங்களை ஏமாற்றலாம். உள்ளே இரண்டு மக் தண்ணீர் ஊற்றி, ஈரம் துடைத்துவிட்டு, பிளக்கைச் செருகி, ஓடும் புரோகிராமை ரத்து செய்யும் பட்டனைப் பிடியுங்கள். பல மெஷின்களில் ரத்து செய்தால் முதலில் தண்ணீரைத்தான் வெளியேற்றும். ஹோஸை இறுக்கிப் பிடித்துக்கொள்ளுங்கள், துள்ளும். எங்களுக்குத் துள்ளியது. 'போயிடுச்சு' என்ற பம்பு, வீட்டுக்காரர் சட்டையை முழுசாக நனைத்தது.

அப்படியானால் அடைப்பு மெஷினிலேயே இல்லை. சிங்க் ட்ராப்பில், அதாவது சிங்குக்கு அடியில் வளைந்திருக்கும் வேஸ்ட் பைப்பில், ஹோஸ் சேரும் வாயை டார்ச் அடித்துப் பார்த்தால், மெழுகுவர்த்தித் துண்டு மாதிரி சாம்பல் நிறத்தில் ஒரு கட்டி. முறுக்கு சுட்ட எண்ணெயும் நெய்யும் சோற்றுப் பசையும் இறுகிப்போனது. தென்னந்துடைப்பத்திலிருந்து ஈர்க்குச்சி உருவி நெம்பினேன், முழுசாக வந்தது. செலவு ஒரு ஈர்க்குச்சி.

ஹோஸைத் திரும்ப மாட்டும்போது ஒன்றைக் கவனியுங்கள். அது தரையோடு போய் நேராகப் பைப்பில் சேரக் கூடாது. மேடைக்கு அடிப்பக்கம் வரை மேலே ஏறி, வளைந்து, பிறகு இறங்க வேண்டும். இல்லையென்றால் சிங்க் அழுக்குத் தண்ணீர் மெஷினுக்குள் திரும்பி வரும். எங்கள் சாம்பார் வாடைக்குப் பாதிக் காரணம் இதுதான். மெஷினைச் சுவரோடு தள்ளும்போது ஹோஸ் மடங்கிவிட்டாலும் இதே கோளாறு வரும்.

அடைப்பு எடுக்கும் காஸ்டிக் பவுடர், பாத்ரூம் ஆசிட் எதையும் மெஷினுக்குள் ஊற்றாதீர்கள், ரப்பரும் உலோகமும் கெட்டுவிடும். போர் தண்ணீர் வீடு என்றால் ஃபில்டர் வலையில் வெள்ளையாக உப்புப் படியும். அதைக் கழற்றி சிட்ரிக் ஆசிட் கரைத்த வெந்நீரில் ஊறவைத்தால் விட்டுவிடும். டிஷ்வாஷர் உப்பு தீர்ந்துவிட்டது என்று சமையல் உப்பைப் போடும் பழக்கம் இருந்தால் விடுங்கள்.

பக்கெட்டில் ஒரு சொட்டும் வரவில்லை, ஹோஸும் மடங்கவில்லை, அடைக்கவில்லை, சக்கரத்திலும் எதுவும் சிக்கவில்லை என்றால் மெக்கானிக் சொன்னது சரியாக இருக்கலாம். பம்பு சத்தமே இல்லை என்றால் வயரோ போர்டோகூடக் காரணமாகலாம், அது நம் வேலை இல்லை. ஆன் செய்தவுடனே பம்பு நிற்காமல் ஓடினால் பிளக்கைப் பிடுங்கிவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள். மெஷினுக்கு அடியில் இருக்கும் தட்டில் தண்ணீர் கசிந்து, அங்கே இருக்கும் மிதவை மேலே தூக்கி, அதுவே பம்பை ஓட்டிக்கொண்டிருக்கலாம்.

ஒரு வாரம் கழித்து அந்த மெக்கானிக் போன் செய்தார், "பார்ட் வந்துடுச்சு மேடம், எப்ப வரட்டும்?" அப்போது எங்கள் மெஷின் மூன்றாவது தடவையாக ஓடிக்கொண்டிருந்தது. அத்தைதான் பேசினார். "வேண்டாம்பா, என் மருமகளே பண்ணிட்டா."