கை உயர்த்தச் சொல்வதற்கு முன்

அன்புள்ள ஐயாவுக்கு,

எங்கள் பங்கு (கத்தோலிக்கக் கோயில் சமூகம்) கல்லடிப் பக்கம். திருநாளுக்குச் சேர்ந்த காசில் ஒரு பகுதியை மின்விளக்கு அலங்காரத்துக்கும் பாண்ட் வாத்தியத்துக்கும் கொடுக்காமல், சாதாரண தரப் பரீட்சை எடுக்கும் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு நடத்தலாமா என்று பாதர் கேட்டார். "எல்லாரும் சேர்ந்து செவிமடுத்து, தேர்ந்து தெளிவோம்" என்றார். ஞாயிறு பூசை முடிந்ததும் கூட்டம். வழக்கமாகக் கதைக்கிற நாலு பேர்தான் கதைத்தார்கள். பெண்கள் நாங்கள் பின்வரிசையில் இருந்தோம். கடைசியில் கை உயர்த்தச் சொன்னார்கள், அலங்காரம் வென்றது. 2022இலும் சினட் (திருச்சபையின் ஆலோசனை மாமன்றம்) என்று சொல்லி எங்களிடம் எழுதி வாங்கினார்கள். அதற்கு என்ன நடந்தது என்று இன்றுவரை ஒருவரும் சொல்லவில்லை. இதற்கும் மாநகரசபைத் தேர்தலுக்கும் என்ன வித்தியாசம்? கடைசியில் பாதர் நினைப்பதுதானே நடக்கும், பிறகு எங்களை ஏன் கேட்பான்?

(பெயர் தவிர்க்கப்பட்டுள்ளது), மட்டக்களப்பு

அன்புள்ள சகோதரிக்கு,

அன்று உங்கள் பங்கில் நடந்தது வாக்கெடுப்பு. வாக்கெடுப்பில் பிழை ஒன்றும் இல்லை. அதைத் தேர்ந்து தெளிதல் என்று சொன்னதில்தான் சிக்கல். தேர்ந்து தெளிதல் என்றால், செபத்தோடு ஒருவரையொருவர் கேட்டு, கடவுள் காட்டும் வழி எது என்று சேர்ந்து கண்டுகொள்வது.

1539இல் உரோமையில், பிறகு யேசு சபையைத் தொடங்கிய இஞ்ஞாசியாரும் தோழர்களும் ஒரு கேள்வியோடு உட்கார்ந்தார்கள். தங்களுக்குள் ஒருவரைத் தலைவராக்கி அவருக்குக் கீழ்ப்படிவதாக வார்த்தைப்பாடு கொடுப்பதா, வேண்டாமா? புனித மிக்கேல் கல்லூரியை நடத்தி, நம் பெடியன்களுக்குக் கூடைப்பந்து பழக்கிய யேசு சபை அப்போது பிறந்திருக்கவே இல்லை. பகலில் தங்கள் பணிகளைப் பார்த்தார்கள், இரவில் கூடினார்கள். கூட்டத்துக்கு வெளியே இதைப் பற்றி ஒருவரோடு ஒருவர் கதைப்பதில்லை என்று ஒழுங்கு வைத்தார்கள். யாரும் யாரையும் முன்கூட்டியே தன் பக்கம் இழுத்துவிடக் கூடாதல்லவா? தான் இந்தக் கூட்டத்தைச் சேராத ஓர் அந்நியன் என்று நினைத்துக்கொண்டே ஒவ்வொருவரும் யோசிக்க வேண்டும். எனக்கு மிகவும் பிடித்தது அடுத்த ஒழுங்கு. ஒரு நாள் எல்லாரும் எதிரான நியாயங்களை மட்டும் சொன்னார்கள். அடுத்த நாள் எல்லாரும் ஆதரவான நியாயங்களை மட்டும் சொன்னார்கள். வாரக்கணக்கில் இழுபட்டாலும், முடிவு வந்தபோது அது எல்லாருடைய முடிவாகவும் இருந்தது.

உங்கள் பங்கில் இதைச் செய்து பார்த்திருந்தால்? அலங்காரக் கட்சிக்காரரும் வாயைத் திறந்து அலங்காரத்துக்கு எதிராக ஒரு நியாயம் சொல்லியிருக்க வேண்டும். சரி, நீங்களும் அலங்காரத்துக்காக ஒன்று தேடியிருக்க வேண்டும். தேடினால் கிடைக்கும். குவைத்திலும் சவூதியிலும் வீட்டு வேலை செய்கிற நம் தாய்மாருக்குத் திருநாள் என்பது கைபேசியில் தெரிகிற அந்த வெளிச்சம்தான். திருநாள் காசில் அவர்கள் அனுப்பியதும் இருக்கும். அவர்களுடைய பிள்ளைகள்தான் அம்மம்மாவின் பொறுப்பில் இருந்துகொண்டு பரீட்சைக்குப் படிக்கிறார்கள். ஆக, அந்தத் தாய் எந்தப் பக்கம் கை உயர்த்துவாள் என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. யாராவது கேட்டால்தான் தெரியும்.

2023, 2024 அக்டோபர் மாதங்களில் வத்திக்கானில் நடந்த சினட்டிலும் பேச்சுக்கு ஓர் ஒழுங்கு இருந்தது. கர்தினால்களும் ஆயர்களும் பொதுநிலையினரும் வட்டமேசைகளில் கலந்து இருந்தார்கள். பெண்கள் முதன்முறையாக வாக்களித்ததும் 2023இல்தான். முதல் சுற்றில் ஒவ்வொருவரும் தான் செபத்தில் உணர்ந்ததைச் சொல்வார், மற்றவர் மறுத்துப் பேசுவதில்லை. பிறகு மௌனம். இரண்டாம் சுற்றில் மற்றவர்கள் சொன்னதில் எது தன்னைத் தொட்டது என்று சொல்ல வேண்டும், தன் கதையைத் திரும்ப ஓதக் கூடாது. மறுபடி மௌனம். மூன்றாம் சுற்றில்தான் எதில் ஒத்துப்போகிறோம், எதில் இல்லை என்று சேர்ந்து எழுதுவது. நம் ஆட்களுக்கு இரண்டாம் சுற்றுத்தான் கஷ்டம். மற்றவர் கதைக்கும்போது நாம் நம் பதிலைத் தயார்படுத்திக்கொண்டல்லவா இருக்கிறோம்!

பின்வரிசை பற்றி எழுதியிருந்தீர்கள். மட்டக்களப்பின் பழைய இந்துக் கோயில்களில் குடிக்கு ஒரு வண்ணக்கர் (கோயில் பொறுப்பாளர்) என்று இருப்பார், யாருக்கு எந்த உரிமை என்பது ஊருக்கே தெரியும். நாம் எல்லாரும் சமம் என்று சொல்லிக்கொண்டு, முன்வரிசையை மட்டும் பரம்பரையாக வைத்திருக்கிறோம். இதைவிட அந்தக் கோயில் முறை நேர்மையான ஏற்பாடு என்று சில நேரம் தோன்றும். திருத்தூதர் பணிகள் ஆறாம் அதிகாரத்தைப் பாருங்கள். கிரேக்க மொழி பேசிய கைம்பெண்களுக்கு அன்றாடப் பந்தியில் சரியான கவனிப்பு இல்லை என்று முணுமுணுப்பு எழுந்தது. திருத்தூதர்கள் எல்லாச் சீடர்களையும் கூட்டி, அவர்களையே ஏழு பேரைத் தெரிவு செய்யச் சொன்னார்கள். அந்த ஏழு பெயர்களும் கிரேக்கப் பெயர்கள். குறை சொன்ன பக்கத்து ஆட்களிடமே பொறுப்பைக் கொடுத்துவிட்டார்கள்.

இன்னொன்று, எல்லாவற்றையும் தேர்ந்து தெளியத் தேவையில்லை. கோயில் கூரை ஒழுகினால் மேசனைக் கூப்பிட வேண்டியதுதான். கணக்கில் காசு குறைந்தால் கணக்காய்வு வேண்டும், செபக்கூட்டம் போதாது. பாதர் ஏற்கெனவே முடிவு செய்த விடயம் என்றால் அதை அறிவித்துவிடுவது மரியாதை.

இனி உங்கள் கடைசிக் கேள்வி. 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தின்படி (இலக்கம் 536) பங்கு மேய்ப்புப்பணிச் சபை ஆலோசனை சொல்லலாம், அவ்வளவுதான். ஆயர் விரும்பினால்தான் அந்தச் சபையே. அதனால் உங்கள் சலிப்பில் நியாயம் இருக்கிறது. ஆனால் 2024 அக்டோபர் 26இல் சினட் நிறைவேற்றிய இறுதி ஆவணம் இந்த இடத்தில் ஓர் அடி முன்னே போகிறது. திருத்தந்தை பிரான்சிஸ் தான் தனியாக ஓர் ஏடு எழுதாமல் அதையே அங்கீகரித்து வெளியிட்டார். முடிவெடுக்கும் அதிகாரம் பொறுப்பில் இருப்பவரிடம்தான், ஆனால் முறையாகக் கேட்டுத் தெளிந்ததில் தெரியவந்த திசையை அவர் கண்டும் காணாமல் விட முடியாது என்கிறது அது. மேய்ப்புப்பணிச் சபைகள் கட்டாயமாக வேண்டும் என்றும், திருஅவையில் வெளிப்படைத்தன்மையும் கணக்குக் கொடுத்தலும் வேண்டும் என்றும் கேட்கிறது.

2022இல் நீங்கள் எழுதிக் கொடுத்ததற்குப் பதில் வராததை இதை வைத்தே கேட்கலாம். பங்கிலிருந்து மறைமாவட்டம், அங்கிருந்து ஆயர் பேரவை, பிறகு உரோமை என்று போவதுதான் அன்றைய ஏற்பாடு. உங்கள் பங்கு அறிக்கையின் பிரதி செயலாளரிடம் இருந்தால், அடுத்த கூட்டத்தில் அதை வாசிக்கச் சொல்லுங்கள். பழைய கதையைக் கிளறுகிறார்கள் என்று யாராவது சொன்னால், உரோமையில் 2028 அக்டோபரில் திருஅவைப் பேரவை கூடும்வரை இது சினட் முடிவுகளை நடைமுறைப்படுத்தும் காலம்தான் என்று சொல்லலாம்.

வகுப்பு விடயத்தையும் முடிந்துபோனதாக நினைக்க வேண்டாம். அலங்காரத்துக்கு வாக்குக் கிடைத்தது. வகுப்பு தேவையா என்று தனியாக யாரும் கேட்கவில்லையே. பாதரிடம் போய், அன்பியம் அன்பியமாக (பங்கின் சிறு அயல் குழுக்களாக) இன்னொரு தடவை கூடலாமா என்று கேட்டுப் பாருங்கள். கடலுக்குப் போகிறவர்கள் கரையில் இருக்கிற நேரமாகவும், சமையல் அவசரம் இல்லாத நேரமாகவும் அது இருக்கட்டும். அதற்கு முன் அந்தப் பிள்ளைகளிடம் கேளுங்கள், கணிதமா, ஆங்கிலமா, எத்தனை மணிக்கு வர முடியும் என்று. உங்கள் கடிதத்தில் எல்லாருடைய கருத்தும் இருந்தது, அவர்களுடையதைக் காணவில்லை.

அன்புடன்