ஆறு மணி நேரக் கணக்கு

என் 14 வயது மகன் விடியற்காலை 4 மணிக்கு அடிவயிறு வலிக்கிறது என்று எழுந்தான், இரண்டு தடவை வாந்தி எடுத்தான். வாயு என்று நினைத்து ஓமத் தண்ணீர் கொடுத்தேன். விடிந்த பிறகுதான் விதை வலிக்கிறது என்றான். ராமநாதபுரத்தில் உடனே ஆபரேஷன் செய்து காப்பாற்றினார்கள். வலித்தது இடது பக்கம் மட்டும்தான். வலது பக்கத்திலும் ஏன் தையல் போட்டார்கள்?
– ஒரு தாய், தங்கச்சிமடம்

உங்கள் மகனுக்கு வந்தது விதை முறுக்கு. விதை ஒரு நரம்புக்கொடியில் தொங்குகிறது. ரத்தம் வருவதும் அதன் வழியாகத்தான். பொதுவாக விதை பையின் உட்சுவரோடு ஒட்டியிருக்கும். சிலருக்குப் பிறவியிலேயே அந்த ஒட்டு இல்லாமல், மணியின் நாக்கு போல ஆடிக்கொண்டிருக்கும். அப்படி ஆடும் விதை தூக்கத்தில்கூடத் திருகிக்கொள்ளும். இந்த அமைப்பு பெரும்பாலும் இரண்டு பக்கமும் இருக்கும். அதனால்தான் நல்ல பக்கத்தையும் தைத்து நிறுத்துகிறார்கள். தேவையில்லாத வேலை அல்ல, அம்மா.

முறுக்கிய 6 மணி நேரத்துக்குள் பிரித்துவிட்டால் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் விதை பிழைக்கும். 12 மணி நேரம் ஆனால் பாதிக்குப் பாதி. ஒரு நாள் கடந்தால் பிழைப்பது அரிது. ராமேஸ்வரத்திலிருந்து ராமநாதபுரம் சுமார் 55 கிலோமீட்டர், அந்தப் பயண நேரமும் இதே கணக்கில்தான் கழியும்.

12 முதல் 18 வயதுப் பையன்களுக்குத்தான் இது அதிகம். வெட்கத்தில் "வயிறு வலிக்கிறது" என்றுதான் சொல்வார்கள். ஆகவே திடீர் அடிவயிற்று வலியோடு வாந்தியும் இருந்தால், "கீழே வலிக்கிறதா?" என்று நேராகக் கேளுங்கள். அப்பாவோ மாமாவோ பார்த்தாலும் சரி. ஒரு விதை மேலே ஏறி, குறுக்காகக் கிடந்தால் சந்தேகமே வேண்டாம், 108-ஐக் கூப்பிடுங்கள். மயக்கமருந்து கொடுக்க வேண்டியிருக்கும் என்பதால் காபிகூடக் கொடுக்காதீர்கள். அறிகுறி தெளிவாக இருந்தால் டாப்ளர் ஸ்கேனுக்குக் காத்திருக்காமலே டாக்டர் ஆபரேஷனுக்குப் போவார், தடுக்காதீர்கள். இன்னொன்று: கடுமையாக வலித்து, அரை மணியில் தானாக நின்றுவிட்டாலும் அன்றே காட்டுங்கள். திருகித் தானாகப் பிரிந்திருக்கலாம், மறுபடி திருகும்.

நாலு நாளாக ஒரு பக்க விதை வீங்கி வலிக்கிறது. நீர்க்கடுப்பும் காய்ச்சலும் இருக்கிறது. மெடிக்கலில் மூணு நாள் மாத்திரை வாங்கிச் சாப்பிட்டேன், குறைந்து திரும்ப வந்துவிட்டது. கடலுக்குப் போகலாமா?
– பெயர் வேண்டாம், பாம்பன்

போக வேண்டாம், தம்பி. மெல்ல மெல்லக் கூடிய வலி, காய்ச்சல், நீர்க்கடுப்பு மூன்றும் சேர்ந்தால் பெரும்பாலும் விதைக்குப் பின்னால் உள்ள விந்துக்குழாயில் கிருமித் தொற்று. மருந்தை வழக்கமாக 10 நாளாவது சாப்பிட வேண்டும். மூன்றாம் நாள் நிறுத்தியதால்தான் திரும்பியிருக்கும். இப்போது முதலில் சிறுநீர் பரிசோதனை, பிறகு டாக்டர் தேர்ந்தெடுக்கும் மருந்து. இளவயதில் இது உடலுறவு வழியாக வந்திருக்கவும் கூடும். அப்படியானால் மனைவிக்கும் சிகிச்சை வேண்டும், முடியும்வரை உறவு வேண்டாம். டாக்டரிடம் இதை மறைத்தால் தவறான மருந்துதான் கிடைக்கும்.

படுக்கும்போது துண்டைச் சுருட்டி விதைப்பைக்கு அடியில் வையுங்கள். படகு ஐஸ் கட்டியை நேரடியாக வைத்துத் தோலைப் புண்ணாக்கிவிடாதீர்கள். துணியில் சுற்றி, 10 நிமிடம் போதும். வலி சில நாளில் அடங்கினாலும் வீக்கம் வற்றச் சில வாரமாகும். மருந்து தொடங்கி 3 நாளில் குறையவில்லை என்றால் திரும்பப் போங்கள்.

நடுக்கடலில் யாருக்காவது திடீரென்று விதை வலி வந்தால், மீன்பாட்டைப் பார்க்காமல் கரை திரும்புங்கள். சிக்னல் இருந்தால் கடலோரக் காவல்படையின் 1554.

கணவருக்கு 58 வயது, பல வருடமாகச் சர்க்கரை. விதைப்பைத் தோல் சிவந்து, தொட்டாலே துடிக்கிறார். மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துப் போடுகிறேன்.
– கீழக்கரை

பற்றை நிறுத்திவிட்டு, இதைப் படித்த கையோடு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். கண்ணுக்குத் தெரியும் சிவப்பைவிட வலி பல மடங்கு இருந்தால், கிருமி தோலுக்கு அடியில் சதையை அழுகவைத்துக்கொண்டு போகிறது என்று பயப்பட வேண்டும். தோல் கருநீலமாவது, கெட்ட வாடை, அழுத்தினால் நறநறப்பது, பிதற்றல் எல்லாம் முற்றிய அடையாளங்கள். அழுகிய சதையை அன்றே வெட்டி எடுக்காமல் ஊசிமருந்து மட்டும் உயிரைக் காப்பாற்றாது. டபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகைச் சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறார் என்றால் அட்டையைக் கையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள். அபூர்வமாக இந்தத் தொற்றோடு அவற்றுக்குத் தொடர்பு உண்டு என்று 2018-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை எச்சரித்திருக்கிறது.

அப்பாவுக்குச் சிறுநீர் டியூப் போட்டிருக்கிறது. சுத்தம் செய்ய முன்தோலைப் பின்னால் தள்ளினோம். திரும்ப வரவில்லை, நுனி வீங்குகிறது.
– தொண்டி

பின்தங்கிய தோல் ரப்பர் வளையம்போல இறுக்குகிறது. வீங்கிய நுனியை உள்ளங்கையால் சுற்றிப் பிடித்து, 5 முதல் 10 நிமிடம் விடாமல் மெதுவாக அமுக்குங்கள், நீர் வடியும். பிறகு இரு கட்டைவிரலால் நுனியை உள்ளே தள்ளிக்கொண்டே, மற்ற விரல்களால் தோலை முன்னால் இழுங்கள். ஒரு முயற்சிதான், வரவில்லை என்றாலோ, நுனி கறுத்தாலோ அவசரப் பிரிவுக்கு. இனி துடைத்து முடித்ததும் தோலை முன்னால் கொண்டுவந்துவிட்டுக் கையைக் கழுவுங்கள்.