ஈரானின் மெமார் விருது: சாதாரண அடுக்குமாடி வீட்டுக்கும் ஏன் கிடைக்கிறது?

மெமார் விருது என்பது ஈரானில் புதிதாகக் கட்டப்படும் நல்ல கட்டடங்களுக்கான விருது. தெஹ்ரானிலிருந்து வரும் 'மெமார்' என்ற கட்டடக்கலை இதழ் இந்த விருதை 2001-இல் தொடங்கியது. வீடுகளுக்கென்று இதில் தனிப் பிரிவு உண்டு.

சரி, வீட்டுக்கு ஏன் தனிப் பிரிவு? தெஹ்ரானில் பெரும்பாலும் மனையின் வடக்குப் பக்கம் 60 சதவீதத்தில்தான் கட்ட முடியும். மாடி எண்ணிக்கைக்கும் விதி இருக்கிறது. விற்பனைக்குக் கட்டுபவர் ஒவ்வொரு அடியையும் காசாகப் பார்ப்பார். கட்டடக்கலைஞருக்கு மிஞ்சுவது பெரும்பாலும் தெருவைப் பார்த்த முகப்பு மட்டும்தான். பள்ளிச் சீருடை தைக்கும் தையல்காரர் நிலைமைதான் இது: துணி, நிறம், அளவு எல்லாம் முன்பே முடிவானவை. அதற்குள் திறமை காட்டுவது கடினம். அதனால்தான் அது பாராட்டுக்குரியது.

எனக்கு மிகவும் பிடித்தது மஹல்லாத் நகரத்து அடுக்குமாடி வீடு. கல் அறுக்கும் தொழில் நடக்கும் ஊர் அது; அறுக்கும்போது பாதிக்கு மேல் கழிவாகிவிடும். கட்டடக்கலைஞர் ராமின் மெஹ்திசாதே அந்தத் துண்டுக் கற்களையே அடுக்கிச் சுவர் எழுப்பினார். கீழே இரண்டு கடைகள், மேலே எட்டு வீடுகள். ஒடுக்கமான ஜன்னல்களுக்கு மேல் முக்கோணமாகத் துருத்தும் கற்கள் நிழல் தருகின்றன. பெரிய ஜன்னல்களுக்குக் கனத்த மரக் கதவுகள். மெமார் விருது பெற்ற இந்த வீடு, 2013-இல் கட்டடக்கலைக்கான பன்னாட்டு விருதான ஆகா கான் விருதின் இறுதிப் பட்டியலுக்கும் போனது.

பலர் நினைப்பதுபோல இது பணக்கார மாளிகைகளுக்கான அழகுப் போட்டி அல்ல. மஹல்லாத் வீட்டின் சுவர் வேண்டாமென்று ஒதுக்கிய கல்லால் ஆனது.