டர்பன் கீழேயா இருக்கிறது?

அன்புள்ள ஐயா,
பேத்திக்கு உலக உருண்டை ஒன்று வாங்கிக் கொடுத்தோம். அதில் சென்னையையும் டர்பனையும் தேடிப் பார்த்தவள், "ஆயா, நாம இவ்வளவு கீழே இருக்கோமே, ஏன் விழல?" என்றாள். பூமி இழுத்துப் பிடித்திருக்கிறது என்றேன். அப்புறம் உருண்டையில் ஒட்டிவைத்த பொம்மை மட்டும் ஏன் விழுகிறது என்கிறாள். என்ன சொல்வது?
வாசகி, சாட்ஸ்வொர்த், டர்பன், தென்னாப்பிரிக்கா

அன்புள்ள அம்மா,

பேத்தி சரியான இடத்தைப் பிடித்துவிட்டாள். "பிடித்திருக்கிறது" என்றால், விழ வேண்டிய நம்மைப் பூமி தடுத்து வைத்திருப்பதாகத் தோன்றும். நாம் விழுவதற்கு வேறொரு கீழ்ப்பக்கம் எங்கும் கிடையாது. பூமியின் ஒவ்வொரு துளி மண்ணும் நம்மை இழுக்கிறது. எல்லாம் சேர்ந்த இழுப்பு பூமியின் மையத்தைப் பார்த்து இருக்கிறது. அந்தத் திசைக்குத்தான் 'கீழே' என்று பெயர். விளையாட்டு உருண்டைக்கு அந்த வலு ஏது? மேசைக்கு அடியில் நிஜப் பூமி இருக்கிறது. பொம்மை அதனிடம் போகிறது.

கொத்தனார் சுவர் எழுப்பும்போது தொங்கவிடும் தூக்குக்குண்டைக் காட்டுங்கள். டர்பனில் ஒன்று, சென்னையில் ஒன்று தொங்கினால் இரண்டு நூலும் நேர் கீழேதான். ஆனால் ஒன்றுக்கொன்று சுமார் 64 பாகை சாய்ந்திருக்கும். இரண்டு சுவரிலும் கோணல் இருக்காது. நூல்களை மண்ணுக்குள் 6,370 கிலோமீட்டர் நீட்ட முடிந்தால், மையத்தை ஒட்டி ஒன்றையொன்று நெருங்கும்.

வடக்கை மேலே போடுவது வரைபடக்காரர்களின் வழக்கம், அவ்வளவுதான். உருண்டையைக் கவிழ்த்து வைத்தாலும் தப்பில்லை.

எனக்கு மிகவும் பிடித்த விளக்கம் ஆரியபட்டருடையது. சுமார் 1,500 ஆண்டுகளுக்கு முன் எழுதினார்: கடம்பப் பூவுருண்டையைச் சுற்றிலும் பூக்கள் அடர்ந்திருப்பதுபோல, பூமியைச் சுற்றிலும் உயிர்கள் இருக்கின்றன. நம் முருகனுக்கு உகந்த அதே கடம்பு. அதில் அடிப்பக்கத்துப் பூவும் வெளியே பார்த்துத்தான் மலர்கிறது.

தைப்பூசக் காவடி சமயத்தில், இரவு ஒன்பது மணிவாக்கில், பேத்தியை வடக்குப் பார்த்து நிறுத்துங்கள். வரிசையாக மூன்று நட்சத்திரங்கள் தெரியும். அவற்றுக்குக் கீழே சிவப்பாக மின்னுவது திருவாதிரை. அன்று இரவு சென்னையில் தெற்குப் பார்த்து நிற்கும் பிள்ளைக்கு, அதே திருவாதிரை அந்த மூன்றுக்கும் மேலே இருக்கும்.