ஒரே வழக்கு, 5 வருடமும் 1 வருடமும்: கொடுவாள் யார் கையில் இருந்தது?

கேள்வி: காங்கேயம் பக்கம் எங்கள் தோட்டம். 2021-ல் இட்டேரித் தடத்தில் (தோட்டங்களுக்கு நடுவே போகும் பொதுத் தடம்) நாங்கள் வேலி போட்டதால் பக்கத்துத் தோட்டத்துக்காரரோடு தகராறு. என் வீட்டுக்காரரும் அவருடைய பெரியப்பா மகனும் சேர்ந்துதான் போனார்கள். கூப்பிட்டுப் போனதே பெரியப்பா மகன்தான். தோட்டத்துக்காரருக்குக் கையில் கொடுவாள் வெட்டு, எலும்பு முறிவு. இப்போது செஷன்ஸ் கோர்ட் இருவரையும் இந்திய தண்டனைச் சட்டத்தின் 326 (ஆபத்தான ஆயுதத்தால் கொடுங்காயம்), 34 (ஒரே நோக்கத்தோடு சேர்ந்து செய்தது) பிரிவுகளில் தண்டித்திருக்கிறது. என் வீட்டுக்காரருக்கு 5 வருடம், அவருக்கு 1 வருடம். அவர் எங்கள் போனைக்கூட எடுப்பதில்லை. ஒரே குற்றத்துக்கு இரண்டு தண்டனை நியாயமா?

பதில்: பங்காளி போனை எடுக்காதது உங்களுக்கு வலிக்கும். மேல்முறையீட்டில் அதற்கு இடமில்லை. அங்கே கேள்வி ஒன்றுதான்: கொடுவாள் யார் கையில் இருந்தது?

34-ஆம் பிரிவு இருவரையும் குற்றவாளியாக்கும். ஆனால் இருவருக்கும் ஒரே அளவு தண்டனை தரச் சொல்லாது. அடிபட்டவரின் சாட்சியம் இருவரும் வெட்டியதாகச் சொல்லி, காயச் சான்றிதழும் அதற்குப் பொருந்தினால் உங்கள் வாதம் பலமானது. உங்கள் வீட்டுக்காரர் வெட்டினார், மற்றவர் பிடித்துக்கொண்டார் என்று இருந்தால் இந்த வித்தியாசத்துக்கு நீதிபதியிடம் காரணம் இருக்கிறது. 2023-ல் ஜாவேத் ஷௌகத் அலி குரேஷி வழக்கில், ஒரே மாதிரி சாட்சியமும் ஒரே பங்கும் இருக்கும்போது ஒருவரைத் தண்டித்து இன்னொருவரை விடக் கூடாது என்றது உச்ச நீதிமன்றம். அந்தத் தீர்ப்பைக் கையில் வைத்துக்கொண்டு வருகிறவர்கள் ‘ஒரே பங்கு’ என்ற சொல்லைக் கவனிப்பதில்லை.

இனிதான் நான் பயப்படும் விஷயம். ‘கூப்பிட்டுப் போனதே அவர்தான்’ என்று எழுதியிருக்கிறீர்களே, அதை மேல்முறையீட்டு மனுவில் எழுதிவிடாதீர்கள். இருவரும் பேசி வைத்துத்தான் போனார்கள் என்று நீங்களே ஒப்புக்கொள்வதாக ஆகிவிடும். அரசுத் தரப்பு நிரூபிக்க வேண்டிய 34 அதுதான். இப்படி ஒரு குடும்பத்தைப் பார்த்திருக்கிறேன். அண்ணன் தம்பிக்குத் தனித்தனி வக்கீல். ஒருவர் மேல் ஒருவர் பழி போட்டதில், இருவருமே சம்பவ இடத்தில் இருந்தது உறுதியாகிவிட்டது. அரசு வக்கீல் அதிகம் பேசவே தேவைப்படவில்லை. குற்றவாளி என்ற தீர்ப்பே தவறு என்ற வாதம் முதலில் வரட்டும். ‘அவருக்கு 1 வருடம், எனக்கு மட்டும் 5-ஆ’ என்ற சமநிலை வாதம் மாற்று வாதமாகக் கடைசியில் நிற்கட்டும். பங்காளியும் அப்பீல் போட்டால் இரண்டையும் ஒரே நீதிபதி முன் சேர்த்து விசாரிக்கச் சொல்லுங்கள்.

இன்னொன்று. அவருக்குக் குறைத்தது தவறாகவே இருந்தாலும், அந்தத் தவறை உங்களுக்கும் செய்யச் சொல்லிக் கேட்க முடியாது. நீங்கள் அப்பீல் போட்ட ஒரே காரணத்துக்காக 5 வருடத்தைக் கூட்ட முடியாது என்று 2025-ல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது. ஆனால் தண்டனை போதாது என்று அரசே தனியாக வந்தால் நிலைமை வேறு. பங்காளியின் 1 வருடத்தைச் சுட்டிக்காட்டிக்கொண்டே இருப்பது அவரையும் அதில் இழுத்துவிடும்.

நேராகச் சொல்கிறேன், சமாதானத்துக்குப் போங்கள். 326 சமரசத்தில் முடித்துக்கொள்ளக்கூடிய பிரிவு இல்லை, சரி. ஆனால் அதில் குறைந்தபட்சத் தண்டனை என்று எதுவும் கிடையாது. அடிபட்டவர் இழப்பீடு பெற்றுக்கொண்டு சமாதானமானதைக் கணக்கில் எடுத்துத் தண்டனையைக் குறைத்த உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள் இருக்கின்றன. பங்காளியோடு அளந்து பார்ப்பதைவிட இந்த வழியில் குறைய வாய்ப்பு அதிகம்.

நீங்களே அடிபட்டவர் வீட்டு வாசலில் போய் நிற்காதீர்கள். மிரட்டியதாக ஒரு புகார் வந்தால், அப்பீலில் தண்டனையை நிறுத்தி வைத்து வாங்கும் ஜாமீனும் போய்விடும். இரண்டு வீட்டுக்கும் பொதுவான உறவுக்காரர் ஒருவர் வக்கீலிடம் கேட்டுக்கொண்டு போகட்டும். 60 நாள் கெடு ஓடிக்கொண்டிருக்கிறது, பேச்சுக்காக அப்பீலைத் தள்ளிப்போடாதீர்கள்.

அப்புறம், உங்கள் கடிதத்தில் அந்த மனிதரின் கை இப்போது எப்படி இருக்கிறது என்று ஒரு வரிகூட இல்லை. உயர் நீதிமன்றத்தில் அதைக் கேட்பார்கள். ஆஸ்பத்திரிச் செலவு எவ்வளவு, பண்ணையம் பார்க்க அவரால் முடிகிறதா என்று முதலில் விசாரியுங்கள். இட்டேரியில் போட்ட வேலி இன்னும் அப்படியே இருந்தால், ஆள் அனுப்புவதற்கு முன்பே அதைப் பிடுங்கிவிடுங்கள்.