கூடுதல் வரித் தொகையை மதிப்பீட்டில் எழுதலாமா?

கேள்வி: அமெரிக்க வரித்துறையான ஐ.ஆர்.எஸ்.ஸில் ஒரு தணிக்கைக் குழுவுக்குப் புதிதாக மேலாளர் ஆகியிருக்கிறேன். குழுவில் ஒருவர் இந்த ஆண்டு கண்டுபிடித்த கூடுதல் வரிதான் மிக அதிகம். அவருடைய ஆண்டு மதிப்பீட்டில் அந்தத் தொகையைப் பாராட்டி எழுதலாமா?

பதில்: எழுதாதீர்கள். நல்லெண்ணத்தோடு எழுதினாலும் அது விதிமீறல்தான். 1998-ல் வந்த ஐ.ஆர்.எஸ். சீரமைப்புச் சட்டத்தின் 1204-ஆம் பிரிவு இதைத் தடுக்கிறது. விதித்த வரி, வசூலித்த டாலர், செய்த ஜப்தி ஆகியவற்றின் கணக்கை வைத்து ஊழியரை எடைபோடக் கூடாது. இவ்வளவு வேண்டும் என்று இலக்கு வைப்பதும், ஜாடையாகச் சொல்வதும் கூடாது.

இந்தத் தடை அவசியமானது என்பது என் உறுதியான எண்ணம். ஒரு சிறு கடைக்காரரின் செலவுக் கணக்கில் சந்தேகம் வருகிறது. இரண்டு பக்கமும் நியாயம் சொல்லலாம். எதிரே இருக்கும் அலுவலரின் பதவி உயர்வு டாலர் கணக்கில் தொங்கினால் அவர் பேனா எந்தப் பக்கம் சாயும்? 1988-லேயே இலக்குக்குத் தடை இருந்தும், எண்ணிக்கை நெருக்கடி பற்றிய புகார்கள் 1997 செப்டம்பரில் செனட் நிதிக்குழு விசாரணை வரை போயின.

சரி, அப்படியானால் எதை எழுதுவது? அவர் செய்த வேலையை எழுதுங்கள். சில வழக்குக் கோப்புகளை எடுத்துப் படித்துப் பாருங்கள். சட்டத்தைச் சரியாகப் பொருத்தினாரா, ஆவணங்களை முழுதாகப் பார்த்தாரா, வரி செலுத்துபவருக்கு உரிமைகளை விளக்கினாரா, வீணாக இழுத்தடிக்காமல் முடித்தாரா? "பார்த்த கோப்புகளில் திருத்தங்கள் சரியாக இருந்தன" என்று எழுதலாம். அது தரத்தைப் பற்றிய பேச்சு. "பெரிய தொகை பிடித்தார்" என்பது கூடாது. வரி செலுத்துவோரை நியாயமாக நடத்தினாரா என்பதையும் கட்டாயம் மதிப்பிட வேண்டும்.

முடித்த வழக்குகளின் எண்ணிக்கையில் பலர் தடுமாறுகிறார்கள். ஓர் அலுவலகப் பிரிவு முழுவதையும் அளக்க, வாடிக்கையாளர் திருப்தி, ஊழியர் திருப்தி, வேலையின் தரம் இவற்றோடு சேர்த்து அதைப் பார்க்கலாம். தன் தீர்மானத்தால் வரி விதிக்கும் தனி அலுவலரை அதை வைத்து அளக்கக் கூடாது. வசூல் கணக்கு திட்டமிடலுக்கும், எந்தக் கணக்குகளைத் தணிக்கைக்கு எடுப்பது என்று முடிவுசெய்யவும் உதவும்.

அப்புறம், இந்தத் தடையை மேலாளர்கள் மீறவில்லை என்று ஒவ்வொரு காலாண்டும் எழுத்தில் சான்றளிக்க வேண்டும். கையெழுத்துப் போடும் முன் மதிப்பீடுகளை மட்டும் பார்த்தால் போதாது. விருதுப் பரிந்துரைகளையும், குழுவுக்கு நீங்கள் அனுப்பிய மின்னஞ்சல்களையும் ஒருமுறை படித்துவிடுங்கள்.