கே.ஜி.எஃப்.புக்கு அணுக்கழிவு வருமா? வெற்றுத்தாளில் கையெழுத்துப் போடாதீர்கள்

கேள்வி: எங்கள் ஊர் பேரணாம்பட்டுப் பக்கம். கூடங்குளத்து அணுக்கழிவைக் கோலார் தங்கச்சுரங்கத்தில் (கே.ஜி.எஃப்.) புதைக்கப் போகிறார்கள், பாலாறு கெட்டுவிடும் என்று பேச்சு. ஆட்சேபனை மனு போட்டு, நஷ்டஈட்டுக்கும் பெயர் பதிந்து தருவதாக ஒருவர் வீட்டுக்கு 500 ரூபாயும் ஆதார் நகலும் கேட்கிறார். கொடுக்கலாமா? கிராம சபைத் தீர்மானம் போதுமா?

பதில்: கொடுக்காதீர்கள். ஆட்சேபனை மனுவுக்குக் கட்டணமே கிடையாது, ஆதாரும் தேவையில்லை. நஷ்டஈட்டுக்கு முன்கூட்டியே பெயர் பதியும் முறையும் இல்லை. நிலம் எடுப்பதாக இருந்தால் அரசிதழிலும் நாளிதழிலும் சர்வே எண்ணோடு அறிவிப்பு வரும். அதற்கு முன் வந்து கையெழுத்துக் கேட்பவர் பெரும்பாலும் நிலப் புரோக்கர்தான். பீதியைக் கிளப்பி, அடிமாட்டு விலைக்கு அக்ரிமெண்ட் போடுவார்கள். வெற்றுத்தாளில் வாங்கிய கையெழுத்து நாளைக்குச் சம்மதக் கடிதமாகவும் மாறலாம். 'பவர்' பத்திரத்தைத் தொடவே வேண்டாம்.

பேச்சு எங்கிருந்து வந்தது? 2012 நவம்பரில் கூடங்குளம் வழக்கு உச்ச நீதிமன்றத்தில் நடந்தபோது கோலார் சுரங்கத்தின் பெயர் அடிபட்டது. கே.ஜி.எஃப்.பில் போராட்டம் வெடித்தது. அப்படி ஒரு திட்டமே இல்லை என்று மத்திய அரசு மறுத்தது. அங்கே முன்பு நடந்தது ஒரு சோதனை மட்டுமே: சுமார் 1000 மீட்டர் ஆழத்தில் பாறை சூட்டை எப்படித் தாங்குகிறது என்று பார்த்தார்கள். உலையிலிருந்து எடுத்த எரிபொருள் முதலில் சில ஆண்டுகள் உலைக்குப் பக்கத்துத் தண்ணீர்த் தொட்டியில் ஆற வேண்டும். அடுத்த கட்ட வைப்பகத்தைக் கூடங்குளம் வளாகத்திலேயே கட்டுவதாகத் திட்டமிட்டு, 2019 ஜூலை 10 அன்று ராதாபுரத்தில் பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் அறிவித்தார்கள். எதிர்ப்பு கிளம்பியதும் தள்ளிவைத்தார்கள்.

கிராம சபைத் தீர்மானம் போடுங்கள், ஆனால் அது தடை உத்தரவு அல்ல. பின்லாந்தில் அணுக்கழிவுக் கிடங்குக்குத் தேர்ந்தெடுத்த எவுரயோக்கியின் ஊர் மன்றம் 'வேண்டாம்' என்றால் திட்டம் அத்தோடு நிற்கும், சட்டமே அப்படி. 2000-இல் அந்த மன்றம் வாக்களித்துச் சம்மதித்த பிறகுதான் நாடாளுமன்றம் முடிவெடுத்தது. நம் சட்டத்தில் ஊரைக் கேட்பார்கள், கேட்டபடி நடக்கக் கட்டாயமில்லை. இத்தனை ஆண்டுகளாகியும் இதை மாற்ற யாருக்கும் மனம் வரவில்லை. ராணிப்பேட்டையில் குரோமியக் கழிவை மலையாகக் குவித்தபோது எந்த ஊரைக் கேட்டார்கள்? தீர்மானம் போட்டால் கோரம் (வந்தாக வேண்டிய குறைந்தபட்ச ஆட்கள்) பாருங்கள்: 501 முதல் 3,000 பேர் உள்ள ஊராட்சியில் 100 பேர், 10,000 வரை 200 பேர் வருகைப் பதிவேட்டில் கையெழுத்திட வேண்டும். குறைந்தால் தீர்மானம் செல்லாது.

உங்களுக்கு இன்னொரு சிக்கல். கருத்துக்கேட்பு, திட்டம் அமையும் மாவட்டத்தில்தான் நடக்கும். கோலார் மாவட்டத்துப் பேத்தமங்கலம் ஏரியைத் தாண்டி வரும் பாலாறுதான் வாணியம்பாடிக்கும் வேலூருக்கும் வருகிறது. அறிவிப்பு ஒட்டுவதோ கோலார் கலெக்டர் ஆபீசில். அதனால் உங்கள் ஆயுதம் கடிதம். அறிவிப்பு வந்து குறைந்தது 30 நாள் அவகாசம் உண்டு. சுற்றுச்சூழல் பாதிப்பு பற்றிய வரைவு அறிக்கையைக் கலெக்டர் அலுவலகத்தில் வைத்திருப்பார்கள், பார்க்கலாம். கர்நாடக மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் டெல்லி சுற்றுச்சூழல் அமைச்சகத்துக்கும் ஸ்பீடு போஸ்ட்டில், பட்டுவாடாச் சான்றோடு அனுப்புங்கள்.

எல்லாரும் ஒரே அச்சடித்த மனுவை அனுப்பினால் 'ஒரே கருத்து' என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். 'அணுக்கழிவு வேண்டாம்' என்று மட்டும் எழுதினாலும் அதே கதிதான். இப்படி எழுதுங்கள்: "அறிக்கையின் இன்ன பக்கத்தில் நிலத்தடி நீர் இத்தனை கிலோமீட்டர் வரைதான் ஆராயப்பட்டுள்ளது. என் கிணறு இன்ன சர்வே எண்ணில், அதற்கு வெளியே இருக்கிறது. ஏன் விடுபட்டது?" இப்படிக் கேட்டால் இறுதி அறிக்கையில் திட்டத்தைக் கொண்டுவரும் நிறுவனம் பதில் சொல்லியாக வேண்டும்.

நேரில் போனால் பாதியில் வெளிநடப்புச் செய்யாதீர்கள். முடிவில் கூட்டக் குறிப்பை உள்ளூர் மொழியில் வாசித்துவிட்டுத்தான் கலெக்டரோ அவர் பிரதிநிதியோ கையெழுத்திட வேண்டும். உங்கள் கேள்வி அதில் இல்லை என்றால் அந்த நிமிடமே எழுந்து சேர்க்கச் சொல்லுங்கள். திட்டத்தை ஆராய்ந்து பரிந்துரைக்கும் டெல்லி நிபுணர் குழுவின் கைக்குப் போவது அந்தத் தாள். கோஷம் அங்கே போகாது.

ஒரு விதிவிலக்கை நன்றாகப் புரிந்துகொள்ளுங்கள். 2006 சுற்றுச்சூழல் அறிவிக்கையின்படி, தேசப் பாதுகாப்பு அல்லது மத்திய அரசு முடிவுசெய்யும் கேந்திர முக்கியத்துவம் என்று சொல்லிவிட்டால் கருத்துக்கேட்பே தேவையில்லை. அணு என்ற சொல் வந்தாலே இது பொருந்திவிடும் என்று சிலர் பயமுறுத்துவார்கள். அது தவறு, ராதாபுரத்தில் கூட்டம் அறிவித்ததே அதற்குச் சான்று. ஆனால் அரசு நினைத்தால் இந்தக் கதவைச் சாத்த முடியும். 2025 செப்டம்பரில் அணுக் கனிமச் சுரங்கங்களுக்கு அப்படித்தான் விலக்குக் கொடுத்தார்கள். அந்த நிலை வந்தால், சுற்றுச்சூழல் அனுமதி ஆணை வெளியான 30 நாளுக்குள் பசுமைத் தீர்ப்பாயத்தில் மேல்முறையீடு செய்ய வேண்டும். தகுந்த காரணம் காட்டினால் இன்னும் 60 நாள் வரை கிடைக்கும், அதற்கு மேல் ஒரு நாள்கூட இல்லை. கர்நாடகத் திட்டமானாலும் சென்னை அமர்வுதான் விசாரிக்கும்.